மாஸ்டர் பார்க்காத ஊட்டி

எபினேசர் ஊட்டிக்கு ஆறு தடவை போய்வந்தவர். ஆனால் ஊட்டியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இதில் மாயமந்திரம் எதுவும் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் அவர்தான் சமையல் மாஸ்டர். வருஷத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில், உலையை அணைத்துப் பழுது பார்ப்பார்கள். அந்த வாரம் தொழிலாளர்கள் டூர் போவார்கள். வருஷம் பூராவும் அனலுக்குப் பக்கத்தில் நின்று வேகிற ஜனங்களிடம் எங்கே போகலாம் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? ஊட்டி. மறு வருஷம்? ஊட்டி. ஒரே ஒரு தடவை யாரோ ராமேஸ்வரம் என்று சொல்லிப் பார்த்தார். அவரை வெயிலில் நிற்கவைத்து, இன்னொரு முறை யோசிக்கச் சொன்னார்கள்.

டூர் பஸ்ஸோடு சமையலும் போகும். அது சங்கச் செயலாளர் சந்திரமோகன் போட்ட சட்டம். "வெளில துன்னா வயிறு பேஜாராப்பூடும்பா. நம்ம மாஸ்டர் கை இருக்க சொல்ல நமக்கு இன்னாத்துக்கு ஓட்டலு?" என்பார். இதைக் கேட்கும்போதெல்லாம் எபினேசரின் நெஞ்சு அரை அங்குலம் உயரும். அந்த அரை அங்குலத்துக்காக, பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் ஏரி, பூங்கா, மலை ரயில் என்று சுற்றிக்கொண்டிருக்கும்போது, இவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் சுவர். மலைகளின் ராணி என்று உலகமே கொண்டாடும் ஊரில் அவர் கண்ட காட்சி அந்தச் சுவர்தான். அதில் எந்த இடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கிறது, பாசி எது வரைக்கும் ஏறியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

இதை வீட்டில் உள்ளபடி சொல்லியிருந்தால் வம்பே இல்லை.

முதல் டூர் முடிந்து திரும்பிய அன்று, அவர் மனைவி ஆரோக்கியமேரி தையல் மெஷினில் யாருடைய ஜாக்கெட்டையோ ஓட்டிக்கொண்டிருந்தாள். சோழவரத்துப் பக்கம், அவர்கள் தெருவில் பாதி ஜாக்கெட்டுகள் அவள் கையில் பிறந்தவை. இவர் தலையைக் கண்டதும் மெஷினை நிறுத்தி, நாற்காலியிலேயே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "சொல்லுயா, ஊட்டி எப்டி கீது?" என்று கேட்டாள். கேட்ட அந்த முகம் பொங்கல் வாங்க வந்த குழந்தையின் கிண்ணம் மாதிரி இருந்தது. சுவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்த மாஸ்டருக்கு நாக்கு திரும்பிக்கொண்டது.

"அத்த இன்னானு சொல்றது மேரி..." என்று ஆரம்பித்தார். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பார்க்காத ஊரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சரக்கு வேண்டுமே, அது சாப்பாட்டு வரிசையிலிருந்து வந்தது. சுற்றிவிட்டுப் பசியோடு வருகிறவர்கள் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இவர் சாம்பார் ஊற்றுகிற நேரத்துக்குள் ஆளுக்கு ஒரு வாக்கியம் விழும். ஒருவன், "மாஸ்டர், அன்னத்து மேல குந்திக்கினு ஏரிய ஒரு ரவுண்டு அடிச்சோம்" என்பான். கரண்டி காலியானதும் நகர்ந்துவிடுவான். அடுத்தவன், "மலைல எருமை வளக்கறாங்களே தோடருங்க, அவங்க..." என்னும்போதே பின்னால் இருப்பவன் தள்ளிவிடுவான். தள்ளியவன் தன் பங்குக்கு, "சால்வைன்னா அதாம்பா சால்வை! செவப்பும் கருப்புமா!" என்றுவிட்டு அப்பளத்துக்குப் போய்விடுவான். இப்படிப் பாதி பாதியாக வந்த எல்லாவற்றையும் மாஸ்டர் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறி, தாளித்து, வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய ஊட்டி ஏரியில் நிஜ அன்னப்பறவைகள் நீந்திவந்து உள்ளங்கையிலிருந்து பொரி தின்றன. அவருடைய தோடர்கள் எருமை முடியில் சால்வை நெய்தார்கள். எத்தனை மழை பெய்தாலும் அதில் ஒரு சொட்டு தங்காது.

மேரி எல்லாவற்றையும் நம்பினாள், ஒன்றைத் தவிர. "பூங்கால ஒரு மரம் கல்லாப் போயி படுத்துனு கீது" என்று சொன்னபோது மட்டும், "யோவ், நான் இன்னா அவ்ளோ ஏமாந்தவளா?" என்று நூலைக் கடித்துத் துப்பினாள். மாஸ்டர் வற்புறுத்தவில்லை. அதில் அவருக்கே நம்பிக்கை கிடையாது.

கதை சொன்னதோடு விவகாரம் முடிந்திருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மே மாதமும் அவருக்கு அர்ச்சனை நடந்தது. "நீ மட்டும் அன்னத்துக்குப் பொரி போட்டுனு ஜாலியா கீற. நான் இங்க வேர்வைல ஊறிக்கினு அடுத்தவ ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெச்சுனு கெடக்கறேன்." அனுபவிக்காத சுகத்துக்காக ஆறு வருஷம் வசவு வாங்கிய ஒரே மனிதர், திருவள்ளூர் மாவட்டத்தில் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஏழாவது வருஷம் கேன்டீன் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்தத் தடவை மனைவியையும் கூட்டிவரலாம்.

அன்றிலிருந்து மேரிக்குத் தூக்கமில்லை, சந்தோஷத்தில். மாஸ்டருக்கும் தூக்கமில்லை. தெருவில் ஜாக்கெட் வாங்க வந்த ஒவ்வொருத்தியிடமும், "எங்க ஊட்டுக்காரரு கண்ணக் கட்டி உட்டாக்கூட ஊட்டிய சுத்திக் காட்டுவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணைக் கட்டினால்தான் காட்ட முடியும் என்று மாஸ்டர் உள்ளே முனகிக்கொண்டார். ஆறு வருஷமாகக் கட்டிய ஊர் ஒன்று ஒரே பகலில் இடிந்து விழப்போகிறது. ஊர் போனால் போகட்டும். இத்தனை வருஷமாகப் புருஷன் சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்ட மனுஷி, இனி அவர் "மணி எட்டாவுது" என்றால்கூடக் கடிகாரத்தைப் பார்ப்பாளே.

பஸ் புறப்பட்டது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்கண்ணாடியில் பெரியபாளையத்து அம்மன் குங்குமம், மேரி பங்குக்கு ஒரு சிலுவைக் குறி. மாஸ்டர் தனியாக ஒரு ஜெபம் வைத்திருந்தார். "ஆண்டவரே, பஸ்ஸு ரிப்பேராவட்டும். ஆனா யாருக்கும் அடிபடக் கூடாது. முடிஞ்சா ஆம்பூர் பக்கத்துல." ஆண்டவர் அன்று வேறு வேலையாக இருந்தார். பஸ் ஆம்பூரைத் தாண்டி, சேலத்தைத் தாண்டி, விடியும் நேரத்தில் மேட்டுப்பாளையத்தையும் தாண்டிப் பாக்குத் தோப்புகளுக்குள் நுழைந்தது.

முந்தின ஆறு தடவையும் அவர் பின்சீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டே மலை ஏறியவர். இறங்கியதும் அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்பதால் அந்தத் தூக்கம் அவருக்கு டியூட்டி மாதிரி. இந்தத் தடவைதான் ஜன்னலோர சீட். முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியபோது, கீழே போட்டுவிட்டு வந்த சாலை கைதவறிய நாடா மாதிரி சுருண்டு கிடந்தது. மேரி அவர் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"யோவ்! யோவ்! அங்க பாருயா, மேகம் நம்மளுக்குக் கீழ போவுது!"

மாஸ்டருக்குத் தொண்டை வரைக்கும் ஒரு கத்தல் வந்துவிட்டது. அதை விழுங்கினார். "ம். போவும். காலைல அப்டித்தான் போவும்."

"இன்னாயா பாக்கவே மாட்டேன்ற?"

"ஆறு வாட்டி பாத்தாச்சு மேரி."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு பாறையிலிருந்து தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியது. தேயிலைச் சரிவுகள் யாரோ சீப்பு போட்டு வாரிவிட்டதுபோல் இருந்தன. ஒரு வளைவில் குட்டியோடு குரங்கு உட்கார்ந்து பஸ்ஸில் இருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தது. ஆகா என்று சொல்ல முடியாமல் ஆகாவை அடக்குவது எவ்வளவு பெரிய உடல் உழைப்பு என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வாயை அடக்கினால் கால் ஆடியது. காலை அடக்கினால் காது மடல் துடித்தது.

"இன்னாயா உடம்பு இப்டி ஆடுது?"

"குளுரு."

மண்டபத்துக்கு வந்து சேர்ந்ததும் மேரி புடவையை இழுத்துச் செருகினாள். அவள் கை வைத்ததில் வேலை பாதியாயிற்று. ஒன்பதரை மணிக்குள் எல்லாரும் பொங்கல் நாஷ்டா முடித்து, மதியத்துக்கு எலுமிச்சை சாதப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பாத்திரம் கழுவிய கையைத் துடைத்தபடி மேரி கொல்லைச் சுவரை ஒருமுறை பார்த்தாள்.

"இதான் நீ சமைக்கற எடமா? ஒரு ஜன்னலுகூட இல்ல. நல்ல வேள, முடிச்சுட்டு சுத்தப் போயிடுவ."

"ஆமா ஆமா."

கடைசி முயற்சியாக மாஸ்டர் பருப்புப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டார். "நீ வேணா பொம்பளைங்களோட போயிட்டு வா மேரி. இந்த மலைல தண்ணி சீக்கிரம் கொதிச்சுரும், பருப்பு மட்டும் சீக்கிரம் வேவாது. ராத்திரி சாம்பாருக்கு இப்பவே..."

"ராத்திரி சாம்பாருக்குக் காலைலயே பக்கத்துல குந்திக்கினு இருப்பியா? பருப்பு இன்னா பச்சக் கொழந்தையா? கெளம்புயா."

வாசலில் சந்திரமோகன் நின்றிருந்தார். தலையில் குரங்குக் குல்லா, அதற்கு மேல் கூலிங் கிளாஸ். "சிஸ்டர், நல்லா சுத்திப் பாருங்க. மாஸ்டர், அஞ்சு மணிக்கு அடுப்பு பத்தணும், சரியா?"

முதலில் வந்தது தோடர் சால்வைக் கடை. கடை என்றால் பெரிய கடை இல்லை; ஒரு சின்ன அறை, வாசல் வெளிச்சத்தில் ஒரு பெண் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கோடு இல்லை, வரைந்து வைத்த பூ இல்லை. துணியின் இழைகளை விரல் நுனியால் எண்ணி எண்ணி, சிவப்பு, கருப்பு, சிவப்பு என்று நூல் ஓடியது. மேரி அப்படியே நின்றுவிட்டாள். இருபது வருஷம் மெஷின் மிதித்த கால்கள் தானாகத் தரையில் தாளம் போட்டன.

"அச்சு இல்லாம எப்டிம்மா இப்டி நேரா வருது?"

"எண்ணிக்கிட்டே போகணும். பேசினா தப்பிடும்" என்றார் அந்தப் பெண், பேசிக்கொண்டே, தப்பாமல்.

தையல்காரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். மேரி சால்வையைத் திருப்பினாள். மறுபக்கமும் பூவேலை மேடும் பள்ளமுமாக அழகாக இருந்தது. "இதுல எதும்மா மேல் பக்கம்?" என்று கேட்டாள்.

"நீங்க இப்ப திருப்பினீங்களே, அதுதான். சொரசொரப்பா இருக்கிற பக்கம்தான் எங்களுக்கு மேல்."

மேரிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் மாஸ்டர் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"எருமை முடி இவ்ளோ மெத்துனு இருக்குமாம்மா?"

அந்தப் பெண்ணின் ஊசி நின்றது. "எருமை முடியா?"

"ஆமா, எருமை முடில நெய்யறீங்கல்ல? மழைல நனையாதாமே."

அவர் சிரித்த சிரிப்பில் எண்ணிக்கொண்டிருந்த கணக்கு தப்பியே போனது. "ஏம்மா, இது பருத்தி. எருமைய வேணா மழையில விட்டுப் பாருங்க, அதுவும் நல்லா நனையும்."

மேரி திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். "அது... பழைய மாடல் மேரி. இப்ப வர்றது இல்ல."

அவள் சால்வையை மடித்து வைத்தாள். சுருக்குப் பை ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஆனால் கடையிலிருந்து பூங்கா வரை நடந்த வழியில் அவள் இரண்டு தரம் அவர் முகத்தைப் பார்த்ததை மாஸ்டர் கவனித்தார். ஜாக்கெட் ஒன்று எங்கேயோ இழுக்கிறது, எந்தத் தையல் என்றுதான் தெரியவில்லை என்கிற பார்வை அது.

பூங்காவில் அவர் தாக்குப்பிடித்தார். கம்பளம் விரித்த மாதிரி சரிந்து போன புல்வெளியைப் பார்த்து வாயைக் கடித்துக்கொண்டார். குழந்தையின் தலை அளவு ரோஜாவைப் பார்த்து எச்சில் விழுங்கினார். மேரி ஒவ்வொரு செடியிடமும் போய் நலம் விசாரித்துக்கொண்டு வந்தாள். இவர் பத்தடி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆறு தரம் பார்த்தவர் நடக்கும் நடையில் நடந்தார்.

அப்படி நடந்து, ஒரு வளைவில் திரும்பினார். எதிரில் கம்பி வேலிக்குள் ஒரு நீளமான அடிமரம் படுத்திருந்தது. பட்டை இருந்தது, கணு இருந்தது. பக்கத்தில் ஒரு பலகை. இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தின மரம்; கல்லாகிவிட்டது என்று அதில் எழுதியிருந்தது.

மாஸ்டர் பலகையை ஒருமுறை படித்தார். மரத்தைப் பார்த்தார். காலையிலிருந்து விழுங்கிய மேகம், அருவி, குரங்கு, புல்வெளி எல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தன.

"மேரி! மேரீஈ! ஓடியா! நெசமாவே கீது மேரி! கல்லு மரம்! நெசமாவே கீதுடி!"

வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். நாற்பத்தெட்டு வயது, நல்ல கனமான உடம்பு. பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று நகர்ந்து வழிவிட்டது. மேரி ஓடிவந்தாள். மரத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"நெசமாவே கீதுன்னா?" என்றாள் மெதுவாக. "ஆறு வாட்டி பாத்தன்னு சொன்னியே."

மாஸ்டரின் கை வேலியிலிருந்து இறங்கியது. ஒரு பொய் தேடினார். உள்ளே அண்டா காலியாக இருந்தது.

இருவரும் புல்தரையில் போய் உட்கார்ந்தார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: சுவர், தொட்டி, வெங்காயம், சாப்பாட்டு வரிசை. அன்னம் நிஜ அன்னமா என்று தனக்கே தெரியாது என்பதையும் சொன்னார். மேரி புல்லை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அந்தப் பூங்காவில் புல்லைக் கிள்ளக் கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த காவலாளி வேறு பக்கம் போய்விட்டார்.

"ஆறு வருஷம்" என்றாள் கடைசியில். "ஆறு வருஷமா உன்ன இன்னா திட்டு திட்டியிருப்பேன். நீ மட்டும் ஜாலியா கீறன்னு. ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, இல்ல மேரி, நான் அங்க வெங்காயந்தான் உரிச்சேன்னு வாயத் தொறந்து சொன்னியா? இப்ப அத்தினி திட்டையும் நான் எங்க போயி திருப்பி வாங்கறது? என்ன பாவியாக்கிட்டியேயா!"

"நீ கேட்ட கேள்வி அப்டி மேரி. செவுரப் பத்தி சொல்ல மனசு வர்ல."

"எருமை முடியாம், எருமை முடி! அந்தம்மா முன்னால என் மானமே போச்சு. தெருவுல எத்தினி பேருகிட்ட சொல்லிக்கினு கீறேன் தெரியுமா?" குரல் உடைந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மாஸ்டருக்குப் பிடிபடவில்லை. குனிந்து பார்க்கத் தைரியமும் இல்லை.

மேரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி. பொய்யி வேணாம். இந்த ஊர்ல நீ நெசமா இன்னாதான் பாத்துக்கீற?"

மாஸ்டர் யோசித்தார். "மார்க்கெட்டு."

"அப்ப அங்க இட்டுனு போ."

நகராட்சி மார்க்கெட்டுக்குள் நுழைந்து நாலு கடை தாண்டவில்லை. கேரட் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "மாஸ்டரே!"

மொத்த வியாபாரி மணிகண்டன். ஆள் எழுந்து ஓடிவந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வருசம் ஒருக்கா வர்ற ஆளு, இந்த வருசம் காலையில காணோமேன்னு இப்பத்தான் பேசிட்டிருந்தோம். அக்கா யாரு? வீட்டுக்காரங்களா? அக்கா, இவர்கிட்ட வியாபாரம் பண்றதுக்குள்ள எங்களுக்கு நாக்குத் தள்ளிரும். கேரட்டை ஒடைச்சுக் காதுகிட்ட வெச்சு, சத்தம் சரியில்லன்னு திருப்பிக் குடுத்த ஒரே மனுசன் இவருதான்!"

பக்கத்துக் கடைக்காரரும் வந்தார். முட்டைகோஸ்காரர் வந்தார். பூண்டு விற்கிற அம்மா, "ஏனுங் மாஸ்டர், போன தடவ சொன்னீங்களே, அந்த ரசப்பொடி, நானும் வறுத்து அரைச்சுப் பாத்தனுங்" என்று ஆரம்பித்தார். மண்ணோடு வந்த கேரட் ஒன்றைக் கழுவி மேரி கையில் திணித்தார் மணிகண்டன். கடித்தாள். நொறுக் என்ற சத்தம் அவளுக்கே பிடித்துவிட்டது. இன்னொரு கடி கடித்தாள்.

மார்க்கெட்டின் பின்வழியாகப் போனால் ஒரு சந்து. சந்தின் முனையில் வர்க்கி சுடும் பேக்கரி. முன்வாசல் வேறு தெருவில் இருக்கிறது. மாஸ்டருக்கு அது எந்தத் தெரு என்றுகூடத் தெரியாது. அவர் பின்கதவைத் தட்டினார். விறகு அடுப்பின் வெளிச்சத்தில் பேக்கரி பாய் எட்டிப் பார்த்து, "அடடே, நம்ம ஆளு!" என்று இரண்டு கதவையும் திறந்தார்.

"காலைல காய் வாங்க வருவாரும்மா. குளுருல விரல் விறைச்சுப் போயிருக்கும். இந்த அடுப்பு வாயில கை காய வெச்சுட்டுத்தான் போவாரு. உக்காருங்க, உக்காருங்க. தட்டு இப்பத்தான் இறங்குது."

தகரத் தட்டில் வர்க்கி வந்தது. மேலெல்லாம் இதழ் இதழாக, தொட்டாலே பொடியும் பக்குவத்தில். மேரி ஒன்றை எடுத்து ஊதி, இஞ்சி தட்டிப் போட்ட டீயில் முக்கி வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். மாவுப் பலகையில் உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கி ஒரு ஆட்டம் ஆடினாள். அடுப்பின் சூடு முகத்தில், முதுகில் மலைக் குளிர். நாலு வர்க்கி போனதே தெரியவில்லை.

"இத்த ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"இத்தப் போயி ஊட்டின்னு எப்டி சொல்றது மேரி? இது பேக்கரிக்குப் பின்னால இருக்கற சந்து."

"லூசாயா நீ!" என்றாள். வாயிலிருந்த வர்க்கி அவர் சட்டையெல்லாம் தெறித்தது. "எங்க ஊட்டுக்காரரு பேரச் சொன்னா பேக்கரிக்காரரு கதவத் தொறக்கறாருன்னு சொல்லியிருந்தா தெருவையே அலற உட்டுருப்பேனே! இல்லாத அன்னத்துக்குப் பொரி போட்டுனு கீறான் மனுசன்."

அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் போன் அடித்தது. சந்திரமோகன். "எங்க மாஸ்டர்? மணி நாலே முக்காலு. மார்க்கெட் வாசல்ல பஸ்ஸு நிக்குது, வந்து ஏறிக்க. அடுப்பு பத்தணும்."

மாஸ்டர் எழுந்துவிட்டார். மேரி எழவில்லை. "ஏரி?"

"நாளைக்குக் காலைல நாஷ்டா முடிச்சதும் பஸ்ஸு கெளம்பிரும் மேரி. படகு ஆறு மணி வரைக்குந்தான் உடுவாங்களாம். சாம்பாரு வெச்சு முடிக்கவே எட்டாயிரும்."

மேரி கை துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாயிடம் சொல்லிக்கொண்டாள். மார்க்கெட் வாசல் வரை வேகமாக நடந்தாள். மாஸ்டர் பின்னால் ஓடினார். அவள் பஸ்ஸில் ஏறி, டிரைவர் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற மாதிரி நின்றாள். உள்ளே குல்லாக்களும் ஸ்வெட்டர்களுமாக ஐம்பது பேர்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மாஸ்டரு ஊட்டுக்காரி. ஆறு வருஷமா என் புருசன் உங்களோட வந்து, இந்த ஊர்ல ஒரு செவுரத் தவிர எதையும் பாத்தது இல்ல. இன்னிக்குச் சாயங்காலம் அவுரு ஏரியப் பாக்கணும். அதனால இன்னிக்கி ராத்திரி மட்டும் எல்லாரும் வெளில சாப்டுக்கறீங்களான்னு கேக்..."

கேட்டு முடிக்கவில்லை. கைகள் எழுந்துவிட்டன.

ஒன்றிரண்டு இல்லை. முன்சீட்டு, பின்சீட்டு, ஜன்னலோரம், தூங்கிக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும். உருக்கு ஆலையில் சைரன் ஒலித்தால்கூட இவ்வளவு வேகமாகக் கை ஓடாது. படிக்கட்டில் நின்ற மாஸ்டர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். தினமும் இரண்டாம் கரண்டி சாம்பார் கேட்டு வாங்குகிற கோபால் கையைத் தூக்கியதோடு நில்லாமல், பக்கத்தில் தூங்கியவன் கையையும் பிடித்துத் தூக்கிவைத்திருந்தார்.

"கோபாலு! நீயுமா?"

"அது வந்து மாஸ்டர், உனுக்காகத்தான். நீ ஏரி பாக்கணும்ல."

எல்லாருக்கும் கடைசியாக, மெதுவாக, குரங்குக் குல்லாவுக்குப் பக்கத்தில் சந்திரமோகனின் கையும் உயர்ந்தது.

"தலைவரே..."

"தப்பா எடுத்துக்காத மாஸ்டர்" என்றார் அவர், கூலிங் கிளாஸைச் சரிசெய்தபடி. "மண்டபத்துக்குப் பக்கத்துல ஒரு பிரியாணிக் கடை கீதுபா. வருஷா வருஷம் உன் சாம்பார் சாதத்தத் துன்னுக்கினே அந்த வாசனைய மோந்துக்கினு கீறேன். சட்டம் போட்டவன் நானே எப்டி மீறுறது?"

பஸ்ஸே அதிர்ந்தது. மேரி அதற்குள் மாஸ்டரின் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். ஆட்டோ பிடித்தார்கள். படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. கவுண்ட்டரில் இருந்தவர், "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினார்.

ஏரியில் அன்னங்கள் இருந்தன, பிளாஸ்டிக்கில். வளைந்த வெள்ளைக் கழுத்து, அதன் நடுவில் இரண்டு சீட்டு, காலடியில் மிதிக்கட்டை. மாஸ்டர் அதைப் பார்த்து ஒரு நொடி மரியாதையாக நின்றார். மேரி அந்த வெள்ளைக் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "பொரி துன்றியா கண்ணு?" என்று கேட்டாள். படகுத்துறை ஆட்களுக்கு ஏன் என்று புரியாவிட்டாலும் சிரித்தார்கள்.

ஏறி உட்கார்ந்து மிதித்தார்கள். மேரியின் கால் மெஷின் கால், நிற்காது, தளராது. மாஸ்டரின் கால் நின்று சமைத்துப் பழகிய கால். அதற்கு உட்கார்ந்து உழைக்கத் தெரியாது. அன்னம் ஒரே இடத்தில் வட்டமடித்தது.

"மிதியா!"

"மிதிச்சுனுதான் கீறேன்!"

மூன்றாம் சுற்றில் எப்படியோ நேராகித் தண்ணீரின் நடுவுக்குப் போனது. யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஏரி முழுவதும் யாரோ சாம்பாருக்குக் கடைசியில் நெய் விட்ட மாதிரி தகதகவென்று இருந்தது. மாஸ்டர் இனி எதையும் விழுங்க வேண்டியதில்லை. "ஐயோ மேரி! அங்க பாரு! இங்க பாரு! மீனு! மீனு குதிக்குது மேரி! பனி வருது பாரு, தண்ணி மேலயே நடந்து வருது!" என்று கத்திக்கொண்டே இருந்தார். பக்கத்துப் படகுகளில் இருந்தவர்கள் இவர் கை காட்டிய பக்கமெல்லாம் பார்த்தார்கள். மேரி ஏரியையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். எது அதிக நேரம் என்று சொல்வது கஷ்டம்.

கரையிலிருந்து விசில் அடித்தார்கள். திரும்ப வேண்டும். மாஸ்டரின் கத்தல் சட்டென்று நின்றுவிட்டது. முகம் கொஞ்சம் தொங்கியது.

"இன்னாயா? இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"பொய்யி சொல்லாத. இன்னைக்கு ஒரு நாளாச்சும்."

"அம்பது பேரு மேரி" என்றார் மாஸ்டர். "நீ கேட்டு முடிக்கக்கூட இல்ல. அதுக்குள்ள அத்தினி கையும் மேல போயிருச்சு. என் சாம்பாரு அவ்ளோ மோசமாவா கீது?"

மேரி மிதிப்பதை நிறுத்தினாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்து, படகு குலுங்கி, அன்னத்தின் கழுத்தும் சேர்ந்து ஆடியது.

"சிரிக்காத. மத்தவங்கள உடு. நீ என் பொண்டாட்டி. நீயும் கை தூக்கிட்டுத்தான நின்ன?"

"நானா?" என்றாள் மேரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் ரெண்டு கையையும் தூக்குனேன்யா."